பழுதானது பம்பா, தண்ணீரா?



வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிச் செல்லும் சாலையில் சரக்கு வண்டியோடு போய் வருகிறவர்கள் நாம். பெரிய சாலையை விட்டு இரண்டு பர்லாங் உள்ளே போனால் எந்த ஊரிலும் ஒரு அடிபம்பைப் பார்க்கலாம். பள்ளிக்கூட வாசலிலோ, மாரியம்மன் கோயில் பக்கத்திலோ, காலனி முனையிலோ அது நிற்கும். பலவற்றில் கைப்பிடியே இல்லை. சிலவற்றில் கைப்பிடி இருக்கிறது, அடித்தால் தண்ணீர் வருவதில்லை. இன்னும் சிலவற்றில் தண்ணீர் வருகிறது, அதைக் குடிக்கத்தான் ஆள் வருவதில்லை. ஆடு கட்டவும் துணி காயவைக்கும் கயிறு கட்டவும் அந்தப் பம்புகள் பயன்படுகின்றன.

"வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. மேட்டூரிலிருந்து காவிரியே வந்துவிட்டது. இனி அடிபம்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நிற்கும் பம்புகளையெல்லாம் ஒரே கணக்கில் எழுதித் தள்ளிவிடுவது வணிகப் புத்தி ஆகாது. கடையில் விற்காத சரக்கு இருந்தால், அது கெட்ட சரக்கா, அல்லது மூட்டை பிரிந்து கிடக்கும் நல்ல சரக்கா என்று பார்த்துத்தானே ஒதுக்குகிறோம்? பம்பிலும் அப்படி இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பம்பு பழுது. மற்றொன்று, தண்ணீர் பழுது. முதலாவதைச் சரி செய்யும் வல்லமை நம் கடைத்தெருவுக்கே இருக்கிறது. இரண்டாவதைச் சரி செய்ய அரசும் நீதிமன்றமும் தொழிற்சாலைகளும் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் இரண்டுமே நடக்காமல் கிடக்கின்றன. இதைப் பற்றி நம் உறுப்பினர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மளிகைக் கடைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

சில வருடங்களுக்கு முன் நம் மண்டியில் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் துவரம்பருப்பு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். "முதலாளி, பருப்பு வேகவே மாட்டேங்குதாம். ஜனங்க கடை முன்னாடி வந்து சத்தம் போடுது" என்றார். அதே மூட்டையில் ஒரு படி எடுத்து நம் வீட்டில் குழாய்த் தண்ணீரில் வேகவைத்தோம். நாலு விசிலில் குழைந்துவிட்டது. அவர் ஊர்ப் பம்பிலிருந்து ஒரு குடம் கொண்டுவரச் சொல்லி அதில் வேகவைத்தோம். பத்து விசில் போயும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. குற்றம் சரக்கில் இல்லை, தண்ணீரில்.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தேநீர் நிறம் கொடுக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது. பருப்பு மட்டம், சோப்பு போலி, டீத்தூள் கலப்படம் என்று பழி நம் தலையில் விழும்.

வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது. பம்புத் தண்ணீரைக் குடிக்க முடியாத குடும்பம் கேன் தண்ணீர் வாங்குகிறது. இருபது லிட்டர் கேன் முப்பது ரூபாய் என்றும், இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றும் வைத்துக்கொண்டாலே மாதம் பதினைந்து கேன், 450 ரூபாய். கூலி வேலை செய்கிற குடும்பத்தில் இந்தப் பணம் எங்கிருந்து வரும்? மளிகைச் சீட்டிலிருந்துதான் வரும். அரைக் கிலோ எண்ணெய் கால் கிலோவாகும். பாக்கி ஒரு மாதம் தள்ளிப் போகும். கேன் விற்பவர்களும் நம் உறுப்பினர்கள்தானே என்று சிலர் சொல்லலாம். அவர்கள் பிழைப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்தால்தான் குடிநீர் என்ற நிலை வந்த கிராமத்தில் மற்ற எல்லா வியாபாரமும் மெலியும்.

அடிபம்பு வந்த வழி

இன்று கேட்பாரற்று நிற்கும் இந்தப் பம்புக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அது நம் நாட்டுக்குப் பெருமை சேர்த்த கதை.

1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரில் கடும் வறட்சி. கிணறுகள் வற்றின. பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெப் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் பிறகு நாட்டின் பல மாநிலங்களிலும் கடினப் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைப்பம்பு மாட்டும் வேலை வேகம் பிடித்தது. அப்போது மாட்டியவை வார்ப்பிரும்புப் பம்புகள். மேல்நாட்டில் ஒரு குடும்பம் தன் தோட்டத்தில் வைத்து அடிப்பதற்காகச் செய்த பம்பைப் பார்த்துச் செய்தவை. இங்கே ஒரு ஊரே வரிசையில் நின்று விடியற்காலை முதல் இருட்டும் வரை அடித்தது. எப்படித் தாங்கும்? 1970களின் நடுவில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கணக்கெடுத்தபோது நான்கு பம்புக்கு மூன்று பம்பு பழுதாகிக் கிடந்தது தெரியவந்தது.

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து ஒரு உறுதியான பம்பு உருவாக்கியிருந்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, இந்திய அரசும் யுனிசெப்பும், சென்னையில் ஆலை வைத்திருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனமும் சேர்ந்து புதுப் பம்பு ஒன்றை வடிவமைத்தன. நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில்தான் அது சோதிக்கப்பட்டது. 1970களின் கடைசியில் உற்பத்திக்கு வந்தது. அதுதான் இந்தியா மார்க் 2. நாம் தெருவில் பார்க்கும், சங்கிலியும் நீண்ட கைப்பிடியும் உள்ள பம்பு அதுவே. பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் அது போயிற்று.

சாதாரண உறிஞ்சு பம்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆழமில்லாத கிணற்றில் மாட்டும் உறிஞ்சு பம்பு, காற்றின் அழுத்தத்தை நம்பித் தண்ணீரை மேலே இழுப்பது. நடைமுறையில் சுமார் 7 மீட்டருக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எவ்வளவு அடித்தாலும் ஏறாது. ஆற்றோரத்து மணற்பாங்கான ஊர்களுக்கு அது போதும். மார்க் 2 பம்பில் சிலிண்டரே கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கி இருக்கும். மேலிருந்து கம்பி இறங்கி உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தூக்கும். அதனால் 45 மீட்டர் ஆழத்திலிருந்தும் தண்ணீர் வரும். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூட அடிக்கலாம். 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பதே அந்தக் காலத்து அரசுக் கணக்கு.

தோல் ஊர்க்காரர்களான நமக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அந்தப் பம்பின் உயிர் இருந்தது பிஸ்டனில் மாட்டிய கிண்ணம் போன்ற ஒரு தோல் வாஷரில். தண்ணீரைத் தாங்கிப் பிடித்து மேலே தள்ளியது அந்தத் தோல்தான். அது தேய்ந்தால் பம்பு நின்றது. 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த சோதனைகளுக்குப் பிறகு தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. அது கூடுதல் நாள் உழைத்தது.

உதிரி பாகம் கிடைத்த இடத்தில் பம்பு பிழைத்தது

மார்க் 2 பம்பின் வெற்றிக்கு இரும்பு மட்டும் காரணமில்லை. இந்தியத் தரக் கழகம் அதற்கு அளவு நிர்ணயித்தது. எந்த ஆலை செய்தாலும் சிலிண்டரின் உள்விட்டம் இவ்வளவு, சங்கிலி இவ்வளவு, பேரிங் இவ்வளவு என்று ஒரே அளவு. ஆகவே ஒரு ஆலையின் வாஷர் இன்னொரு ஆலையின் பம்பிலும் பொருந்தியது. படியும் எடைக்கல்லும் ஊருக்கு ஊர் மாறினால் வியாபாரம் என்னாகும் என்று நமக்குத் தெரியும். அதே விதிதான் இங்கும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. வாஷர் மாற்ற வேண்டுமானால் முக்காலி நட்டு, கிணற்றுக்குள் இறங்கிய ஜி.ஐ. பைப்புகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். அதற்கு நாலைந்து ஆள், வண்டி, பயிற்சி எல்லாம் தேவை. எனவே ஒன்றியத்து மெக்கானிக் வரும் வரை ஊர் காத்திருந்தது. இதைப் போக்கத்தான் மார்க் 3 வந்தது. அதில் பைப்பை அகலமாக வைத்தார்கள். பிஸ்டனை மட்டும் கம்பியோடு மேலே இழுத்து, வாஷரை மாற்றித் திரும்ப இறக்கிவிடலாம். ஊரில் இரண்டு பேர் கற்றுக்கொண்டால் போதும்.

வங்க தேசத்தைப் பாருங்கள். அங்கே நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால் 'ஆறாம் நம்பர்' என்று பெயர் பெற்ற சிறிய வார்ப்பிரும்பு உறிஞ்சு பம்பு லட்சக்கணக்கில் பரவியது. பெரும்பாலானவற்றை ஜனங்களே காசு கொடுத்து வாங்கிப் போட்டார்கள். காரணம் என்ன? பம்பும் அதன் வாஷரும் சாதாரணச் சந்தைக் கடையிலேயே கிடைத்தன. அரசு அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டியிருக்கவில்லை. கெட்டுப்போனால் மறுநாள் சந்தையில் வாங்கி மாட்டிவிட்டார்கள். வணிகர்கள் உயிரோடு வைத்த பம்பு அது.

நம் பக்கம் நடப்பது வேறு. குடியாத்தம் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் ஒரு பம்பு எட்டு மாதம் நின்றது. ஊராட்சியில் சொன்னார்கள், மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். மேலே கேட்டால் சாமான் வரவில்லை என்றார்கள். கடைசியில் பழைய மெக்கானிக் ஒருவரை ஊரார் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். போனது ஒரு வாஷரும் ஒரு சங்கிலி போல்ட்டும். அந்த வாஷரின் விலை ஒரு கிலோ துவரம்பருப்பின் விலைகூட இல்லை. எட்டு மாதம் ஜனங்கள் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தது அந்த ஒரு வாஷருக்காக. இதைவிட நஷ்டக் கணக்கு வேறு என்ன இருக்க முடியும்?

ஸ்பானருக்கு அடங்காத பழுது

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். பம்பு நன்றாக இருக்கிறது, தண்ணீர்தான் கெட்டிருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரம் முழுவதும் தோல் தொழிலால் வளர்ந்த வட்டாரம். பழைய நாளில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970களில் பதப்படுத்தாத, பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலும் தோல் பொருளும் அனுப்ப வேண்டும் என்ற நிலை வந்தபோது குரோமிய உப்பு போட்டுப் பதனிடும் முறை பெருகியது. கூடவே, பச்சைத் தோல் அழுகாமல் இருக்கப் போடும் சமையல் உப்பு இருக்கிறது. ஆலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைந்து வெளியே வரும். அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் ஓடையிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் விழுந்தது. மேலிருந்து இறங்குவது முதலில் போய்ச் சேரும் இடம் ஆழமில்லாத கிணறுதான். உறிஞ்சு பம்பு மாட்டிய கிணறுகள் முதலில் கெட்டதற்கு இதுவே காரணம்.

இது வழக்காகப் போயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்குப்படி தோல் ஆலைப் பகுதியில் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் வேரூன்ற அது துணையாயிற்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது.

அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. கணக்கு போட்டுப் பாருங்கள், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. பாக்கி இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அப்போது கிணறு கெட்டவர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

தோலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்

இதைச் சொன்னவுடன், "தோல் தொழிலை மூடச் சொல்கிறீர்களா?" என்று நம்மவர்களே கேட்பார்கள். இல்லை. ஷூ ஆலையில் மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள்தான் ஆம்பூர்க் கடைத்தெருவுக்கு உயிர். ஏழாம் தேதி சம்பளம் போட்டால் எட்டாம் தேதி நம் கடையில் கூட்டம். அந்த ஆலைகள் நின்றால் நம் கல்லாவும் நிற்கும். இது நமக்குத் தெரியாததல்ல.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. உப்பைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் பின்னர் சேர்ந்தன. செலவு செய்து ஒழுங்காக நடத்தும் ஆலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்ட வேண்டும். அதே நேரம் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்ததை மறக்க முடியாது. இரவு மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடும் ஆலை ஒன்று இருந்தால், நேர்மையாகச் செலவு செய்யும் ஆலைக்குத்தான் அது துரோகம். எடை குறைத்து விற்பவன் நேர்மையான கடைக்காரனின் வாடிக்கையைக் கெடுக்கிறான் அல்லவா? அதே கணக்கு. ஆகவே தொழிலும் நடக்க வேண்டும், கழிவும் அடங்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

சிவப்பு, பச்சை

எந்தப் பம்பு எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாக்கை நம்பக் கூடாது. உப்புக் கரிப்பது நாக்குக்குத் தெரியும், குரோமியம் தெரியாது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். குரோமியமோ லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கையில் பிடித்துப் பார்க்கும் சின்ன மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். குரோமியத்துக்கு ஆய்வகம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீட்டுப் பெண்களே நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் நோய்க் கிருமி சாகும், உண்மை. உப்பும் உலோகமும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு இன்னும் கெட்டியாகும். இதை நம் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னாலே பெரிய உபகாரம்.

முன்னே சொன்ன வங்க தேசத்தில் நடந்ததையும் கேளுங்கள். குளத்துத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் சாகிறார்களே என்று பம்பு போட்டுக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 1990களில் பல கிணறுகளில் பாஷாணம், அதாவது ஆர்சனிக், இருப்பது தெரியவந்தது. பூமியிலேயே இயற்கையாக இருந்த விஷம் அது. அப்போது என்ன செய்தார்கள்? பம்பு பம்பாகச் சோதித்து, குடிக்கக் கூடாதவற்றுக்குச் சிவப்பு, குடிக்கலாம் என்றவற்றுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. இங்கே நம் ஊரில் கெட்ட பம்பும் நல்ல பம்பும் ஒரே நிறத்தில் நிற்கின்றன.

இன்னொன்று. ஒரு காலத்தில் கெட்ட கிணறு என்றைக்கும் கெட்டதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கழிவு விழுவது நின்று, நல்ல மழை பெய்தால் உப்பு மெல்ல இறங்கக்கூடும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதேபோல் அன்றைக்கு நன்றாக இருந்தது இன்று கெட்டிருக்கலாம். ஆகவே பழைய பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை சோதிக்க வேண்டும்.

குழாய் இருக்கையில் பம்பு எதற்கு?

குழாய்த் தண்ணீர் வந்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் அது மேட்டூரிலிருந்து நெடுந்தூரம் பைப்பில் வருகிறது. வழியில் பைப் உடைந்தால் நிற்கும், மின்சாரம் போனால் நிற்கும், மேல்நிலைத் தொட்டி கழுவினால் நிற்கும். பல ஊர்களில் பழைய பம்புக் கிணற்றிலேயே மோட்டாரை இறக்கி சின்டெக்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மோட்டார் எரிந்தால் கைப்பிடியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டபோது லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள். அந்த மாதிரி நாளில் ஊருக்கு ஒரு நல்ல அடிபம்பு இருந்தால் அதன் மதிப்பு என்ன என்று யோசியுங்கள். கடையில் தராசு கம்ப்யூட்டர் தராசாகிவிட்டது. ஆனாலும் பழைய தட்டுத் தராசை நம்மில் பலர் மூலையில் வைத்திருக்கிறோம். கரண்ட் போன அன்று அது கைகொடுக்கும்.

சங்கம் செய்யக்கூடியவை

பேசிவிட்டுக் கலைவது சுலபம். கீழ்க்கண்டவற்றைச் சங்கத்தின் கிளைகள் எடுத்துச் செய்யலாம் என்பது நம் தாழ்மையான யோசனை.

1. ஒவ்வொரு கிளையும் தன் எல்லையில் உள்ள பம்புகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஓடுவது, நிற்பது, ஓடியும் குடிக்க உதவாதது என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சரக்கு போடப் போகும் நம் வண்டிக்காரர்களே கேட்டு எழுதி வந்துவிடுவார்கள்.

2. ரிப்பேருக்குக் கை வைப்பதற்கு முன் தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டி வைத்துச் சோதிக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. நம் ஊரில் அவர்கள் யார் என்று விசாரித்து உதவி கேட்கலாம். தோல் ஆலைப் பகுதியில் குரோமியத்தையும் பார்க்கும்படி ஆய்வகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

3. நல்ல தண்ணீர் என்று சான்று வந்த பம்புக்குப் பச்சை, மற்றதற்குச் சிவப்பு. ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு வர்ணச் செலவைக் கிளை ஏற்கலாம். சிவப்புப் பம்பின் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது என்பதை எழுதியும் வைக்க வேண்டும்.

4. ஒவ்வொரு கடைத்தெருவிலும் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு உறுப்பினர், மார்க் 2 பம்புக்கான வாஷர், சங்கிலி, பேரிங், அச்சு, போல்ட் நட்டு அடங்கிய ஒரு பெட்டியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தர முத்திரை பெற்ற சாமானாக இருக்கட்டும். மெதுவாக நகரும் சரக்கு என்று தயங்க வேண்டாம். கிளை உறுப்பினர்கள் பத்துப் பேர் முதலைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் தலையில் சுமை ஏறாது.

5. பழைய ஒன்றிய மெக்கானிக்குகள் பலர் ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள வித்தை அவர்களோடு போய்விடக் கூடாது. ஊருக்கு இரண்டு இளைஞர்களை அவர்களிடம் அனுப்பிப் பழக்க வேண்டும். சம்பாவனையைச் சங்கம் தரலாம்.

6. சிவப்புப் பம்புகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபைக்குப் போக வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூட்ட வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. தீர்மானம் நிறைவேறினால் அது காகிதம். அந்தக் காகிதம்தான் நாளைக்கு மாவட்ட ஆட்சியரிடமும் நீதிமன்றக் குழுவிடமும் பேசும். இழப்பீடு வராத விவசாயி நம் வாடிக்கையாளராக இருந்தால், மனு எழுதிக் கொடுப்பதும் நம் கடமையே.

இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. முதல் ஐந்து காரியங்களுக்கு ஒரு கிளையின் ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கு போதும். ஆறாவதற்குப் பொறுமை தேவை. கடன் பாக்கி வசூலித்துப் பழகியவர்களுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறுபடி அழுத்திச் சொல்லி முடிக்கிறோம். சோதிக்காமல் ரிப்பேர் செய்தால், கெட்ட தண்ணீரை நம் கையாலேயே ஊராருக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் ஆவோம். சோதித்த பிறகும் ரிப்பேர் செய்யாவிட்டால், நல்ல தண்ணீர் காலடியில் இருக்க ஜனங்கள் காசு கொடுத்துக் கேன் வாங்குவார்கள். இரண்டும் நஷ்டம். ஆகவே முதலில் மாதிரி, பிறகு ஸ்பானர்.

மே 5 வணிகர் தினத்தன்று கொடியேற்றி, மாநாட்டில் பேசி, இனிப்பு வழங்குகிறோம். வருகிற மே 5க்குள் ஒவ்வொரு கிளையும் தன் எல்லையில் ஒரே ஒரு பம்பையாவது சோதித்து, சரி செய்து, பச்சை வர்ணம் அடித்து ஓடவிட்டுக் காட்டட்டும். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். அந்தத் தேரின் வடத்தில் வணிகர் கையும் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.